பசை காயும் நேரம்

இந்த ஊரில் முன்பு நாற்காலி செய்தோம்.
லண்டனில் பாதிப்பேர்
ஹை விக்கம் மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.
இப்போது அதே கொட்டகையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு
இறக்கை செய்கிறோம்.
உட்கார ஒன்றுகூட மிச்சமில்லை.
கடைசி முக்காலியைப்
பசைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார் ஹாரப்.

விமானத்துக்குப் பெயர் கொசு.
உலோகத்துக்குப் பஞ்சம், மரத்துக்கு இல்லை என்று
எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.
மேலே பிர்ச் பலகை, கீழே பிர்ச் பலகை,
நடுவே ஃபிர் சட்டங்கள்,
பித்தளைத் திருகாணி எத்தனை என்று
எண்ணத் தொடங்கி மூவாயிரத்தில் விட்டேன்.

ஜனவரியில் வாரத்துக்கு ஆறு.
அமைச்சகத்திலிருந்து வந்தவர்
கையுறையைக் கழற்றாமலே
ஆறை அழித்துப் பதினான்கு என்று எழுதினார்.
பலகையில் எழுதிய இறக்கை பறக்காது ஐயா என்று
சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை. அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்,
ஒரு காலணியில் கயிறு இல்லை.

ஆட்கள் வந்தார்கள்.
பியானோவுக்குச் சுதி சேர்த்த மிஸ் ஓக்ஷாட்,
பலகையைத் தட்டிப் பார்த்தே
எங்கே பசை பிடிக்கவில்லை என்று சொல்வாள்.
சவப்பெட்டி செய்த ஸ்டால்வுட்:
"என் பழைய வேலையில்
யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை."
இரவு வேலைக்கு இன்னும் நாற்பது பெண்கள்,
அவர்களில் பதினாறு வயது ஐவி, என் மகள்.
சமையலறை மேசையில் நான் வைத்த தேநீரை
அவள் ஆறிப்போய்க் குடிப்பாள்.

எல்லாம் இரட்டிப்பானது. பசை மட்டும் ஆகவில்லை.
எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்,
இறுக்கிகள் பிடித்தது பிடித்தபடி.
"கொஞ்சம் அவசரப்படுத்த முடியாதா?"
"அது பாலிலிருந்து வருவது," என்றார் ஹாரப்.
"குண்டு விழுந்தாலும்
பால் தன் நேரத்தில்தான் திரியும்."

மார்ச்சில் மின்பட்டைகள் வந்தன.
மெல்லிய தகடு, பலகையின் மேல் படுக்க வைத்து
விசையைத் தட்டினால்
முக்கால் மணியில் கல்லாகிவிடுகிறது பசை.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும்.
மறுநாள்தான் தெரிந்தது,
அது காயும் நேரத்தில்தான்
நாங்கள் காலுறை தைத்திருக்கிறோம்,
சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறோம்,
ஆல்டர்மாஸ்டன் தெருவில் எந்த வீடு போனதென்று
பேசியிருக்கிறோம்.
இப்போது பேச்சு, தூக்கம் இரண்டும்
முக்கால் மணிக்குள்.

ஜூனில் லாரியில் ஓர் இறக்கை திரும்பி வந்தது.
நுனியில் தொப்பி அளவு ஓட்டை.
மேல் பலகையை உரித்தபோது
உள்ளே, சட்டத்தின் பக்கவாட்டில், பென்சில் எழுத்து:
வெங்காயம் கிடைத்தால் இரண்டு
ஐவி காலணி – அரையடி தோல்
மண்ணெண்ணெய்
என் கையெழுத்து. அன்று காகிதம் இல்லை போலும்.
அதை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து
மூடி ஒட்டியிருக்கிறேன்.
அது எங்கெங்கே போய் வந்ததோ,
ஆற்றின் மேல், தேடுவிளக்குகளின் மேல்,
என் மண்ணெண்ணெயைச் சுமந்துகொண்டு.

கொசுவில் இருக்கை இரண்டே இரண்டு.
அவற்றை வேறெங்கோ செய்கிறார்கள்.
"அதில் இருந்தவர்கள்?" என்று கேட்டேன்.
ஓட்டுநர் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.
"இதில் இறக்கைக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறது, அம்மா."

ஸ்டால்வுட் ஓட்டையைச் சதுரமாக வெட்டினார்.
மிஸ் ஓக்ஷாட் சுற்றிலும் தட்டிக் கேட்டாள்.
பலகையை மூடுமுன்
வெங்காயத்துக்கு எதிரே
இன்னும் இல்லை என்று எழுதினேன்.
ஹாரப் பார்த்தார். பார்த்துவிட்டு
விசையைத் தட்டினார்.

அன்று பலகையில் பதின்மூன்று.
பழுது பார்த்தது கணக்கில் சேராது.